என் கை வலப்பக்கம் போன ஞாயிறு

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய கடைசிக் கிழமை எங்கள் கசினோவுக்குப் புதுச் சீட்டு மேசைகள் வந்து இறங்கின. நடுவில் ஒரு திரை. அடுத்து யாருடைய முறை என்று அந்தத் திரையே காட்டும். சீட்டுப் பகிரும் டீலர் கை நீட்டிக் காட்டத் தேவையில்லை. மேலாளர் இதைப் பெரிய முன்னேற்றம் என்று விளங்கப்படுத்தினார். நான் கைதட்டினேன். அந்த அறையில் என்னளவுக்கு மனதாரக் கைதட்டியவர் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்.

தேநீர் நேரத்தில் தர்ஷினி என்ற பிள்ளை வந்து பக்கத்தில் இருந்தாள். இங்கே ரொறன்ரோவில் பிறந்தவள், டீலராகி இரண்டு வருடம்.

“அங்கிள், போக முதல் ஒண்டு சொல்லிட்டுப் போங்கோ. ரூர்ணமென்ற்ல, ஃபிளொப்புக்குப் பிறகு கையில ட்றோ மட்டும் இருந்தா வட் டு யூ டூ? சீரியஸ்லி.”

என்னைப் பெரிய ஆட்டக்காரன் என்று இளம் பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். நான் வாழ்க்கையில் ஒரு கை போக்கர் ஆடியதில்லை. சீட்டுப் பகிர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். இருந்தாலும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மற்றவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குக் கொஞ்சம் ஏதாவது ஒட்டாமலா போகும்? அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு இடைவேளை பதினைந்து நிமிடம்தான் என்றபடியால் பாதியில் எழும்பிப் போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் இன்றைய மாதிரிக் கசினோக் கட்டடங்கள் இல்லை. சரிற்றி கசினோ என்று ஒன்று நடக்கும். ஏதாவது ஒரு தர்மக் காரியத்துக்காக ஒரு விழா மண்டபத்தை மூன்று நாள் வாடகைக்கு எடுப்பார்கள். மேசைகள் லொறியில் வரும். மூன்று நாள் ஆட்டம். நாலாம் நாள் அதே மண்டபத்தில் யாருக்காவது கல்யாணம் நடக்கும். நாங்கள் மேசைகளோடு அடுத்த மண்டபத்துக்குப் போவோம்.

அப்போது நான் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில், இன்னும் மூன்று பொடியன்களோடு இருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவிக் கை வெளிறிப்போய் இருந்தது. டீலர் பயிற்சி ஒரு ரயர் கடைக்கு மேலே நடந்தது, ஆறு கிழமை. அதில் இரண்டு கிழமையில் எல்லாம் பழகிவிட்டேன். மற்ற நாலு கிழமையும் இடப்பக்கம் போகப் பழகினேன்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்து ஆட்கள் ‘முந்நூற்றிநாலு’ என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். கல்யாண வீடு, செத்த வீடு, பங்கர், கொழும்பு லொட்ஜ், எங்கே நாலு பேர் சேர்ந்து குந்தினாலும் முந்நூற்றிநாலுதான். அதில் ஒருவர் ஆடியபின் அவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் ஆட வேண்டும். போக்கரிலோ இடப்பக்கத்தில் இருப்பவர். அதோடு, முந்நூற்றிநாலில் ஏஸும் கிங்கும் பெரிய ஆட்கள் இல்லை. ஜாக்தான் ராசா, அடுத்தது ஒன்பது. துரும்பாக வைத்த இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் ஒரே கையில் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருப்பார்கள். போக்கர் மேசையில் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். மூளைக்கு இது ஒரு நாளில் விளங்கிவிடும். கைக்கு விளங்க நாள் எடுக்கும்.

எங்கள் மேற்பார்வையாளர் மிஸிஸ் ஹோர்வாத், ஹங்கேரியிலிருந்து வந்தவர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கட்டை உருவம், வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ற். மேசையில் சிப்ஸ் என்ற பந்தய வில்லைகளைப் பற்றிப் பிணக்கு என்றால் டீலர் கையை உயர்த்த வேண்டும். அவர் அவசரப்படாமல் வருவார். இரண்டு கைகளையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு டீலரை மட்டும் பார்த்து, “என்ன நடந்தது?” என்று கேட்பார். ஆட்டக்காரர்கள் எவ்வளவு கத்தினாலும் காது கேட்காதவர் போல நிற்பார். டீலர் கதிரை எண்ணையும் அந்தக் கதிரை செய்ததையும் ஒழுங்கு மாறாமல் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாது.

ஒருமுறை நான், “அந்தக் குடிகாரர்...” என்று தொடங்கிவிட்டேன்.

“எந்தக் கதிரை?”

“நாலு.”

“நாலு குடிப்பதில்லை. நாலு சிப்ஸ் வைக்கும், அல்லது வைக்காது. திரும்பச் சொல்.”

திரும்பச் சொன்னேன். கேட்டு முடிந்ததும் பெப்பர்மின்ற் கரையும்வரை பேசாமல் நிற்பார். அது கரைந்ததும் தீர்ப்பு வரும். தீர்ப்புக்குப் பிறகு கதை இல்லை.

அவருடைய சட்டைப்பையில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருந்தது. டீலர் விடும் பிழைகள் அதில் ஏறும். ஒரு பருவத்தில் இரண்டு பிழை ஏறினால் மேசை இல்லை. வாசலில் கோட் வாங்கித் தொங்கவிடும் வேலை. என்னுடைய முதலாவது பிழை அந்த இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே ஏறிவிட்டது. நான் வீசிய ஒரு ராணி மேசையைத் தாண்டிப் போய் ஒருவருடைய கோப்பிக்குள் விழுந்தாள்.

இனித் தர்ஷினியின் கேள்விக்கு வருகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காமல். நடுவில் பொதுவாக மூன்று சீட்டைச் சேர்த்துத் திறப்பதுதான் ஃபிளொப். பிறகு ஒன்று, பிறகு இன்னும் ஒன்று. உங்கள் கையில் இரண்டு ஆட்டின், அதாவது சிவப்பு இதயச் சீட்டு, நடுவில் இரண்டு ஆட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் ஐந்து ஒரே இனம், நல்ல பலமான கை. வராவிட்டால் உங்களிடம் ஒன்றுமே இல்லை. இப்படி இன்னும் ஆகாத கையைத்தான் ட்றோ என்பது. கண்ணுக்குத் தெரியாத சீட்டு நாற்பத்தேழு. அதில் ஆட்டின் ஒன்பது. அடுத்த சீட்டிலேயே வந்துவிட ஐந்தில் ஒன்றுக்கும் குறைந்த வாய்ப்பு. இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூட.

இந்தக் கையோடு மினக்கெட்டு அழிந்தவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர் ஞாயிறு தவறாமல் வருவார். மற்றவர் வைத்ததற்குச் சரிக்குச் சரி வைத்துவிட்டு, ஆட்டின் வரும் என்று காத்திருப்பார். ஒருமுறை வைத்துப் பாதி போகும். இன்னொருமுறை வைத்து மீதியும் போகும். போட்டியில் போன சிப்ஸைத் திரும்ப வாங்க இயலாது. எழும்பும்போது என்னை முறைத்துப் பார்ப்பார், ஏதோ ஆட்டின் எல்லாவற்றையும் நான் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு வந்த மாதிரி.

நன்றாக ஆடுகிறவர்கள் வேறு மாதிரி. முன்னுக்கு யாரும் பெரிதாக வைக்காவிட்டால், தாங்களே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிடுவார்கள். மற்றவர் பயந்து சீட்டைப் போட்டாலும் வெற்றி, போடாமல் வந்தாலும் ஆட்டின் விழ இடம் இருக்கிறது. இரண்டு வழி. காத்திருப்பவனுக்கு ஒரு வழிதான். ஆனால் வேறொருவர் முந்திப் பெரிதாக வைத்துவிட்டால் கதை மாறிவிடும். அவரைப் பயமுறுத்தும் வழி அடைபட்டுவிட்டது. அப்போது பேசாமல் சீட்டைப் போட வேண்டும். அழகான கை என்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லி முடியத் தர்ஷினியின் இடைவேளை முடிந்தது. மிச்சத்தை அவள் இங்கேதான் வாசிக்க வேண்டும்.

அந்த நவம்பரில் ரெக்ஸ்டேல் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஞாயிறு மதியம் போட்டி. முதல் பரிசு ஒரு வான் வண்டி, ஏழு பேர் இருக்கக்கூடியது, மண்டப வாசலில் சிவப்பு நாடா கட்டி நின்றது. இரண்டாம் பரிசு மைக்ரோவேவ். மூன்றாம் பரிசு உறைந்த வான்கோழி. இப்படி ஒரு பரிசு வரிசையை யார் யோசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

எட்டாம் கதிரையில் வந்து இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் கைப்பை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“தம்பி யாழ்ப்பாணமோ?”

மேசையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் அதுவும் புத்தகத்தில் ஏறும். நான், “குட் ஆஃப்டர்நூன், மேடம். வெல்கம்,” என்றேன்.

“ஓ, அப்பிடியோ!” என்றார். அதற்குப் பிறகு மேசையில் என்னோடு பேசவில்லை.

இடைவேளையில் கோப்பி எடுக்கும் இடத்தில் தானே விஷயத்தைச் சொன்னார். அங்கே தமிழுக்குத் தடை இல்லை. பெயர் ஜெசிந்தா, தீவுப் பக்கம், இப்போது மல்வேர்ன். அவரும் இன்னும் மூன்று பெண்களும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. அந்தத் தொழிற்சாலை அடுத்த திங்கள் பிரம்ப்டனுக்கு அப்பால் போகிறது. விடிய ஏழு மணி ஷிஃப்றுக்கு அங்கே போகப் பஸ் கிடையாது. வாகனம் இல்லாதவர்கள் வரத் தேவையில்லை என்று ஃபோர்மன் சொல்லிவிட்டாராம்.

“லைசென்ஸ் எடுத்துப்போட்டன். வாகனம்தான் இல்லை. நாலு பேரும் லஞ்ச் மேசையில ஒரு கிழமை முந்நூற்றிநாலு அடிச்சுப் பாத்தம், ஆரை அனுப்பிறது எண்டு. நான்தான் வெண்டனான்.”

“அக்கா, இது முந்நூற்றிநாலு இல்லையே.”

“கடதாசி கடதாசிதானே தம்பி. ஒரு கிழமை புத்தகம் எடுத்துப் படிச்சனான். லைபிரரியில கிடந்தது.”

படித்தவர்தான் என்பது ஆட்டத்தில் தெரிந்தது. பின்னேரம் நாலரை மணிக்கு மேசையில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். இரண்டாம் கதிரையில் கூரை வேலை செய்கிற ஒரு பெரிய உருவம், சிப்ஸ் மலையாகக் குவிந்திருந்தது. ஐந்தாம் கதிரையில், எனக்கு நேரே எதிரில், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், மிக மரியாதையான மனிதர். எட்டில் ஜெசிந்தா அக்கா, மற்ற இருவரையும்விடக் குறைந்த சிப்ஸோடு.

மூன்று பேரும் வைத்தார்கள். வழக்கப்படி மேல் சீட்டை ஒதுக்கிவிட்டு ஃபிளொப்பைத் திறந்தேன். ஆட்டின் கிங், கிளாவர் ஏழு, ஆட்டின் நாலு.

இந்த இடத்தில் டீலர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விரலை நீட்டிச் சுட்டாமல், உள்ளங்கையை விரித்து, முறைக்குரியவரைக் காட்ட வேண்டும். இரண்டைக் காட்டினேன். கூரைக்காரர் மேசையைத் தட்டினார், ‘செக்’, இப்போதைக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று அர்த்தம். அடுத்தது அவருக்கு இடப்பக்கம், ஐந்து. என் கை ஐந்துக்குப் போகவில்லை. கூரைக்காரருக்கு வலப்பக்கம் நான், என்னைத் தாண்டினால் எட்டு. முந்நூற்றிநாலு ஒழுங்கில் அது சரியான முறை. என் கை விரிந்தபடி வலப்பக்கம் போய் எட்டுக்கு முன்னால் நின்றது. கண்மூடித் திறக்கும் நேரம்தான், உடனே இழுத்துக்கொண்டேன்.

அதற்குள், “ஓல் இன்,” என்று ஜெசிந்தா அக்கா எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டார்.

கூரைக்காரர் சிப்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். பல் வைத்தியர் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை யாரும் கண்டதாகத் தெரியவில்லை. முறை தவறி ஆடியது எட்டு என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. கையை உயர்த்தினேன்.

மிஸிஸ் ஹோர்வாத் வந்து கைகளைப் பின்னுக்குக் கட்டினார். “என்ன நடந்தது?”

“இரண்டு செக். எட்டு முறை தவறி ஓல் இன். ஐந்து இன்னும் ஆடவில்லை.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அவர் வழக்கத்துக்கு மாறாக எட்டைப் பார்த்து, “ஏன் ஆடினீர்கள்?” என்று கேட்டார். ஜெசிந்தா அக்கா என் கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “மை மிஸ்ரேக்,” என்றார்.

பெப்பர்மின்ற் கரைந்துகொண்டிருந்தது. என்ன தீர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஐந்து ஒன்றும் வைக்காமல் மேசையைத் தட்டினால், எட்டு தள்ளியது தள்ளியதுதான், திரும்ப எடுக்க இயலாது. பல் வைத்தியருக்கும் அது தெரியும். அவர் முகத்தில் ஒரு சின்னப் புன்னகை வந்திருந்தது. கையில் நல்ல கை இருக்கிறது. பேசாமல் தட்டிவிட்டு, பிறகு சரிக்குச் சரி வைத்து எட்டின் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த மனுசி தன் வானையும் வேலையையும் நான் காட்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்கிறார், நான் கோட் தொங்கவிடப் பயந்து நிற்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“மிஸிஸ் ஹோர்வாத்,” என்றேன். “என் கை எட்டைக் காட்டியது.”

அவர் என்னைப் பார்த்தார். “எப்போது?”

“இரண்டு செக் செய்த பிறகு. ஐந்தைக் காட்டியிருக்க வேண்டும்.”

“இதை ஏன் முதலில் சொல்லவில்லை?”

அதற்குக் கதிரை எண் வைத்துச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அவர் பெப்பர்மின்றைக் கடித்துவிட்டார். அவர் கடித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

“டீலர் பிழை. எட்டின் சிப்ஸ் திரும்பும். ஐந்து ஆடலாம்.”

பல் வைத்தியரின் புன்னகை போய்விட்டது. இனித் தட்டிவிட்டுப் பொறி வைக்க இயலாது. பெரிதாக ஒரு தொகை வைத்தார், ஜெசிந்தா அக்காவிடம் இருந்ததில் பாதிக்கு மேல். இப்போது முறைப்படி அக்காவின் ஆட்டம். நீண்ட நேரம் யோசித்தார். முன்னுக்கு ஒருவர் பெரிதாக வைத்துவிட்டார், பின்னால் கூரைக்காரர் இன்னும் இருக்கிறார். அவர் படித்த புத்தகம் என்ன சொல்லுமோ அதைச் செய்தார். இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடி என் பக்கம் தள்ளிவிட்டார்.

கூரைக்காரர் சரிக்குச் சரி வைத்தார். அடுத்த சீட்டைத் திறந்தேன். ஆட்டின் இரண்டு.

சீட்டைப் போட்டுவிட்ட எட்டாம் கதிரையை டீலர் பார்க்கக் கூடாது. பார்த்தேன். அவர் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் கையைப் பல் வைத்தியர் கிங் ஜோடியோடு வென்றார். இன்னும் ஏழெட்டுக் கையில் ஜெசிந்தா அக்காவின் சிப்ஸ் முடிந்தது. கடைசியில் வானைக் கூரைக்காரர் எடுத்தார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு ட்ரக் நின்றன. பல் வைத்தியர் மைக்ரோவேவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் நன்றி சொல்லிப் போனார். மிஸிஸ் ஹோர்வாத் புத்தகத்தை எடுத்து எழுதினார். “வசந்தம்வரை கோட்,” என்றார். பிறகு, “நல்ல டீலர். பிந்திச் சொன்னாய்,” என்றார். அவர் என்னை மெச்சி ஒரு சொல் சொன்னது அன்றுதான்.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. பின் கதவு ஒன்று திறக்காது. மண்டபத்தை விட்டு வெளியே எடுத்தபோது பஸ் தரிப்பில் ஜெசிந்தா அக்கா, மடியில் வான்கோழியோடு, தனியே இருந்தார். நிறுத்தினேன்.

“ஏறுங்கோ அக்கா, மல்வேர்னிலை விடுறன்.”

“உங்கட பாஷை திரும்பி வந்திட்டுதோ?” என்றார். ஆனாலும் ஏறினார்.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பிறகு அவர், “ஆட்டின் ஜாக்கும் ஒன்பதும்,” என்றார். “ரெண்டும் ஒரே கையில. உந்தக் கையைக் கொண்டுபோய்ப் போட வைச்சிட்டாங்கள், பாவியள்.”

போடாமல் நின்றிருந்தால் அந்த ஆட்டின் இரண்டோடு எல்லாச் சிப்ஸும் அவருக்கு வந்திருக்கும்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. என்ர கைதான் உங்களைக் காட்டினது.”

“தெரியும். அப்பவே கண்டனான்.”

காரை ஓட்டுகிறேன் என்பதை மறந்து அவரைத் திரும்பிப் பார்த்தேன். “கண்டனீங்களோ? அப்ப ஏன் உங்கட பிழை எண்டு சொன்னனீங்கள்?”

“றோட்டைப் பாருங்கோ. உங்களுக்கு வேலை போயிடும் எண்டு நினைச்சன். அந்தக் கட்டை மனுசியின்ர முகத்தைப் பாத்தால் ஆருக்கும் அப்பிடித்தான் தோணும். பொடியன் பாவம், எனக்குத்தான் வேலை போகப் போகுது, இவனுக்கும் ஏன் எண்டு.” வான்கோழியை மடியில் நேராக வைத்தார். “நான் சொல்லாமல் இருந்தனான். நீங்கள் ஏன் வாயைத் திறந்தனீங்கள்? மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு வான், உங்களுக்கு மேசை. ஆட்டின் வந்ததெல்லோ!”

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு மனுசி, தன் சோற்றைத் தள்ளி வைத்து என் சோற்றைப் பார்த்திருக்கிறார். அதுவும் நான் மேடம் மேடம் என்று ஆங்கிலத்தில் விலத்தி வைத்த பிறகு. வெட்கமாக இருந்தது.

மல்வேர்னில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

“அக்கா, அந்தக் கோட் வேலை மத்தியானம்தான் தொடங்கும். விடிய எனக்கு ஒரு வேலையும் இல்லை. நாலு பேரும் ஐஞ்சரைக்கு வாசலில நிண்டால் ஏத்திக்கொண்டு போறன். நீங்கள் ஒரு வாகனம் எடுக்குமட்டும்.”

“சென் ஜேம்ஸ் ரவுணிலயிருந்து இஞ்ச வந்து, திரும்பப் பிரம்ப்டனுக்கோ? உங்களுக்கென்ன விசரோ?”

“ஓம்.”

அவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி இருந்தார்.

“ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. ஆட்டின்தான் வரும் எண்டு முதலே தெரிஞ்சிருந்தாலும் உங்கட பிழை எண்டு சொல்லியிருப்பியளோ?”

யோசித்தேன். “ஓம் அக்கா. சொல்லியிருப்பன்.”

“அப்ப சரி,” என்று இறங்கினார். “நானும் திரும்ப என்ர பிழை எண்டுதான் சொல்லியிருப்பன். அடுத்த திங்கள் ஐஞ்சரை, பிந்தாதேங்கோ.”